விளக்கில்லாத ஓடுதளம்

செப்டம்பர் 4, 1977. ஞாயிறு

இன்று எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஷிஃப்ட் இல்லை. மாவு அரைத்து வைத்துவிட்டுத் துணி நனைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஜெயசிங். தூத்துக்குடிக்காரர், தொலைக்காட்சி நிலையத்தில் நாடகங்கள் தயாரிப்பவர். எங்கள் குழு சபாக்களில் போட்ட நாடகங்களுக்கெல்லாம் தவறாமல் வந்து மூன்றாவது வரிசையில் உட்காருவார். குழு கலைந்த இந்த இரண்டு வருஷத்தில் என் வீட்டுக்காரரைத் தேடி வந்த முதல் ஆள்.

"அண்ணாச்சி, நீங்க ஏரோப்ளேன் ஓட்டணும்" என்றார், உட்காருவதற்கு முன்பே.

"சைக்கிளே சரியா வராதுய்யா எனக்கு" என்று இவர் சிரித்தார்.

நாடகத்தின் பெயர் 'விளக்கில்லாத ஓடுதளம்'. தபால் விமானம் ஒன்று மூடுபனியில் வழி தவறுகிறது. ஒயர்லெஸ் செத்துவிட்டது. திடீரென்று கேப்டனின் ஹெட்போனில் மட்டும் ஒரு குரல் வருகிறது. பக்கத்தில் இருக்கும் துணை விமானிக்கு அது கேட்பதில்லை. அந்தக் குரல் சொல்லச் சொல்ல, இருட்டில் ஓர் ஓடுதளத்தில் கேப்டன் விமானத்தை இறக்குகிறார். காலையில் ஆடு மேய்க்கிறவன் வந்து, யுத்தம் முடிந்ததிலிருந்து இங்கே யாரும் கிடையாது, ஒயர்லெஸ் அறையில் இருந்தவர் குண்டு விழுந்து இறந்துபோனார் என்கிறான்.

கேப்டன் இவர்தான். ஒளிப்பதிவு நாடா இயந்திரம் பழுது, பம்பாயிலிருந்து ஆள் வரவேண்டும் என்பதால் முப்பதாம் தேதி நேரடியாகவே ஒளிபரப்பு.

"முக்கால்வாசி அண்ணாச்சி பேச்சுதான் மைனி. ஸ்டேஜ் மாதிரி சைடுல நின்னு எடுத்துக் குடுக்க முடியாது, மைக்குல விழுந்துரும். பாடம் பண்ணிருவாகள்ல?"

கேள்வி என்னிடம்தான்; அவர் ஊரில் அண்ணியை மைனி என்பார்கள். குழு இருந்த காலம் முழுக்கப் பக்கத் திரைக்குப் பின்னால் ஸ்கிரிப்டோடு நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவள் நான் என்று அவருக்குத் தெரியும்.

"ரெண்டு தடவை படிச்சா போதும் அவருக்கு" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு காபி டம்ளரைப் பார்த்தார்.

செப்டம்பர் 6, செவ்வாய்

வேலை முடிந்து வந்து படிக்க ஆரம்பித்தோம். முதல் நான்கு பக்கம் கணீரென்று வந்தது. ஐந்தாம் பக்கத்தில் மறுபடி முதல் பக்கத்துக்குப் போய்விட்டார். மூன்று முறையும் அப்படியே. கேப்டனின் வசனங்கள் எல்லாம் ஒரே சாயலில் இருக்கின்றன. எழுதியவர் கவனித்திருக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் வந்திருக்கிறது. நாளை காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும்.

செப்டம்பர் 9, வெள்ளி

காபித்தூள் வாங்கப் போனவர் மத்தியானம்தான் வந்தார். கொசப்பேட்டையில் நாங்கள் பத்து வருஷத்துக்கு முன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் நடேச முதலியார் ரிக்‌ஷாவில் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பழைய வீட்டுக் கதவுல சாவி போட்டுத் திறந்துட்டு இருந்தாரும்மா. உள்ள இருந்த பொண்ணு பயந்து போயிடுச்சு. நீங்க யாருன்னு கேட்டா, 'என் வீட்டுல நீ என்ன பண்றே'ன்றாரு."

வெயில் இந்த மாதம் கடுமை. முதலியாருக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். ஜூனில் பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து இவருக்குப் பழைய இடங்களைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது போலும். எல்லோருக்கும் உள்ளதுதான்.

கதவில் உள்பக்கத் தாழ்ப்பாளை இன்னும் கொஞ்சம் மேலே வைக்க ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன். குளிர்காலத்தில் காற்று வருகிறது.

செப்டம்பர் 12, திங்கள்

முதல் ஒத்திகை. விடுப்பு போட்டுவிட்டு நானும் போனேன்.

ஸ்டுடியோ நடுவில் விமானத்தின் மூக்கு மட்டும் நிற்கிறது. பிளைவுட். உள்ளே மூர் மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த மீட்டர்கள், தையல் மெஷின் சக்கரம், சைக்கிள் விளக்குகள். மூடுபனிக்குச் சாம்பிராணி. கேமராக்காரரில் தொடங்கி எல்லோரும் இருமியதில் ஜெயசிங், "யாராவது இருமுனா என்ஜின் சத்தம்னு சொல்லிரலாமா?" என்று கேட்டார்.

துணை விமானி சாரங்கன். ரேடியோவில் நல்ல பெயர் எடுத்தவன், கேப்டன் வேஷம் தனக்கு வரும் என்று நினைத்திருந்தவன். இவர் அவனை இரண்டு முறை "மாசிலா" என்று கூப்பிட்டார். மாசிலாமணி எங்கள் குழுவில் இவரோடு ஜோடியாக நடித்தவர். மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது.

"நான் சாரங்கன் சார். மாசிலாமணியை இனிமே நீங்க கூப்பிட்டா, அவர் வந்துடப் போறார். பேய் நாடகம் வேற!"

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், எல்லோரும் முடித்த பிறகு.

எட்டாம் பக்கத்தில் நின்றது. அங்கே நின்று, பக்கத் திரை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தபடி மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டினார். வசனம் வேண்டும் என்றால் எங்கள் குழுவில் அப்படி எதையாவது தட்டுவதுதான் பழக்கம். நான் பார்வையாளர் நாற்காலியில் இருந்தேன். என்னை அறியாமல் அடுத்த வரி வாயிலிருந்து வந்துவிட்டது.

தலைக்கு மேல் தொங்கிய மைக் அதை அப்படியே பிடித்தது. உள்ளே ஒலிப்பதிவு அறையில் இருந்த கமாலுதீன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

"மைனி!" என்றார் ஜெயசிங். "பேய் அதுக்குள்ள வந்துட்டா?"

செப்டம்பர் 13, செவ்வாய்

எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போர்டு நாள் முழுக்க ஓயவில்லை. தலையில் ஹெட்போன் மாட்டியபடியே ஒன்று யோசித்தேன். வேலை முடிந்ததும் ஜெயசிங்குக்கு போன் செய்தேன்.

பேயின் குரலை டேப்பில் பதிந்து ஓடவிடப் போகிறார்கள். கேப்டன் மாட்டும் ஹெட்போன் வெறும் பொம்மை. அதற்கு உண்மையாகவே இணைப்புக் கொடுத்து, பேய் நேரடியாகப் பேசி, கேப்டன் காதில் அது விழுந்தால் முகத்தில் வரும் உணர்ச்சியே வேறாக இருக்கும் என்றேன்.

ஜெயசிங் உடனே பிடித்துக்கொண்டார்: "மைனி, உங்க போன் குரல்தான் அந்தக் குரல். ஒயர்லெஸ்ல பொம்பள ஆள்னு மாத்திருதேன். யுத்தத்துல பொம்பளைகளும் ஒயர்லெஸ் பாத்துருக்காகல்லா. நீங்களே பேசிருங்க."

நான் அதைக் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

செப்டம்பர் 18, ஞாயிறு

நான் சமையலறையில், இவர் கூடத்தில். வெங்காயம் நறுக்கிக்கொண்டே குரல் கொடுத்தேன். தட்டினால் அரை வரி. பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியை அவரே முடித்துவிடுகிறார். இருபத்தெட்டுப் பக்கமும் போனோம். பக்கத்து வீட்டம்மா, "பழையபடி ஆரம்பிச்சுட்டீங்களா" என்று சந்தோஷப்பட்டாள்.

சாம்பாரில் உப்புப் போட மறந்தது நான்தான்.

செப்டம்பர் 21, புதன்

ஹெட்போனோடு ஒத்திகை. ஒலிப்பதிவு அறையில் கமாலுதீன் பக்கத்தில் எனக்கு நாற்காலி, மைக். அவர் கைக்குக் கீழே சுவிட்ச் மாதிரி ஒரு சாவி. மேலே தள்ளினால் என் குரல் ஒளிபரப்பிலும் போகும், இவர் காதிலும் போகும். கீழே இருந்தால் இவர் காதில் மட்டும்.

"கீழ எதுக்கு மேடம்?" என்று கேட்டார் கமாலுதீன். "பேய் பேசறப்ப மட்டும் லைனைத் திறந்தாப் போதுமே."

"திறந்தே இருக்கட்டும். அவருக்குத் தைரியமா இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால் இவர் மீட்டரைத் தட்டினார். நான் மெல்ல வரியைச் சொன்னேன். இவர் பேசினார். மறுபடி தட்டினார். மறுபடி சொன்னேன். ஐந்தாவது முறை கமாலுதீன் சாவியை நான் கேட்காமலே கீழே இறக்கி வைத்திருந்தார்.

முடிந்ததும், "எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க மேடம். இந்த மெஷின் சத்தத்துல எனக்கு எப்பவுமே காது மந்தம்" என்றார்.

ஜெயசிங் இவரைக் கட்டிக்கொண்டார். சாரங்கன் கட்டிக்கொள்ளவில்லை. படியிறங்கும்போது என் பக்கத்தில் வந்தான்.

"மாமி, கண்ணாடி வழியா உங்களைப் பாத்துண்டே இருந்தேன். பேய்க்கு ரெண்டு பக்கம்தான் டயலாக். உங்க வாய் என்னவோ மூடவே இல்லையே?"

"வெற்றிலை போட்டிருந்தேன்" என்றேன். நான் வெற்றிலை போடுவதில்லை.

செப்டம்பர் 24, சனி

மோர் சாதம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, இன்னும் சாப்பாடு ஆகலையா என்று கேட்டார். விளையாட்டாக.

செப்டம்பர் 27, செவ்வாய்

முழு ஒத்திகை. பதினாறாம் பக்கத்தில் ஹெட்போன் ஒயர் சக்கரத்தில் மாட்டிப் பிய்ந்துவிட்டது. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். இவர் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டுவது நிற்கவில்லை. கடைசியில் எழுந்து விமானத்தின் பக்கவாட்டில் இறங்கி வந்து, ஸ்டுடியோ நடுவில் நின்று யாரையோ தேடினார்.

ஒயர் பிய்ந்ததால் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கமாலுதீன் ஓடிப் போய்ப் பற்றவைத்தார்.

இடைவேளையில் ஜெயசிங் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. "மைனி, லைவ் வேண்டாம்னுதான் மேலிடத்துல சொன்னாக. நான்தான் அண்ணாச்சி இருக்காக, ஒரு வார்த்தை தப்பாதுன்னு எழுதிக் குடுத்துருக்கேன். நடுவுல நின்னுபோச்சுன்னா நாடகப் பிரிவையே மூடிருவாக. என்னையத் தூக்கி எங்கயாவது மலைல டிரான்ஸ்மிட்டர் பாக்கப் போட்டுருவாக. அண்ணாச்சிக்கு உடம்பு கிடம்பு ஒண்ணும் இல்லையே?"

சாரங்கன் எல்லா வசனமும் பாடம் பண்ணி வைத்திருக்கிறான். இன்று சொன்னால்கூட அவன் கேப்டனாக உட்கார்ந்துவிடுவான்.

"தூக்கம் சரியில்ல, அவ்வளவுதான்" என்றேன்.

செப்டம்பர் 29, வியாழன்

விமானி உடுப்பைத் துவைத்து இஸ்திரி போட்டேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கஜா, நான் வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"பயமா இருக்கா?"

"பயமில்ல."

"பின்ன?"

இவர் வாயைத் திறந்தார். நான், "நாளைக்கு இந்த நேரம் ஊரே உங்களைப் பத்திப் பேசும் பாருங்க" என்றேன். வாயை மூடிக்கொண்டார்.

காலரில் கஞ்சி கொஞ்சம் அதிகம்.

அக்டோபர் 1, சனி

நேற்றைய விஷயத்தை இன்று காலையில் எழுதுகிறேன்.

ஏழரைக்கு ஆரம்பித்தது. முதல் பாதி ஒத்திகையைவிட நன்றாகப் போயிற்று. இவர் தட்டினார், நான் கொடுத்தேன். சாரங்கன்கூடத் தன்னை மறந்து நடித்தான். மாடிக் கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடி வழியாக ஜெயசிங் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

பனிக் காட்சி வந்தது. சாம்பிராணிப் புகை கண்ணாடியை மறைத்தது; பக்கத்திலிருந்த மானிட்டரில்தான் இவரைப் பார்க்க முடிந்தது. பேயின் முதல் வரி என்னுடையது. கமாலுதீன் சாவியை மேலே தள்ளினார். "தபால் விமானம், கேக்குதா?" என்றேன். சாவி கீழே இறங்கியது.

கேப்டன் இப்போது, "கேக்குது. எந்த நிலையம்?" என்று சொல்ல வேண்டும். அவர் தட்டவில்லை. கை மீட்டரில் அப்படியே இருந்தது. வரியைக் கொடுத்தேன். பேசவில்லை. மறுபடி கொடுத்தேன். ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். கேமரா அவர் முகத்துக்கு மிக அருகில் போயிருந்தது.

"யாரும்மா நீங்க?" என்றார்.

அது கேப்டன் குரல் இல்லை. வீட்டு வாசலில் முன்பின் தெரியாத பெண் வந்து நின்றால், மரியாதையாக விசாரிக்கும் குரல். இருபத்தாறு வருஷமாக அந்தக் குரலைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். என்னிடம் அவர் அப்படிப் பேசியதில்லை.

"என் காதுக்குள்ள பேசறீங்களே. யாரு நீங்க? எனக்குத் தெரிஞ்சவங்களா?"

ஸ்பீக்கரில் ஜெயசிங்கின் பதற்றம் கேட்டது. "இது எந்தப் பக்கம்? யாராச்சும் சொல்லுங்கய்யா, எந்தப் பக்கம்?" சாரங்கன் ஒரு நொடி திகைத்தான். பிறகு இவர் தோளைத் தொட்டு, "கேப்டன், யார்கிட்ட பேசறீங்க? ஒயர்லெஸ் செத்துப் போச்சே!" என்றான். ஸ்கிரிப்டில் இல்லாத வரி. அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அதைச் சொன்னான்.

கமாலுதீன் என்னைப் பார்த்தார். விரல் சாவியின் மேல். மேலே என்று கை காட்டினேன்.

போர்டில் சில சமயம் சாவுச் செய்தி சொல்ல லைன் கேட்டு அழுகிறவர்கள் வருவார்கள். அவர்களிடம் பேசுவதற்கென்று ஒரு குரல் உண்டு. அது தானாக வந்தது.

"நான் கீழே இருக்கேன். உங்களைப் பத்திரமா இறக்கிவிடற வரைக்கும் இருப்பேன். நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க."

"சரிம்மா."

அதற்குப் பிறகு ஸ்கிரிப்டைப் பார்க்கவில்லை. சாவி கீழே இறங்கவில்லை. எல்லாமே ஒளிபரப்பில் போயிற்று. உயரம் குறையுது, சொல்லுங்க. உயரம் குறையுது. இடது பக்கம் திருப்பறேன், சொல்லுங்க. இடது பக்கம் திருப்பறேன். சக்கரத்தைத் திருப்பினார்.

"முன்னால என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"வெள்ளையா இருக்கும்மா. ஒண்ணுமே தெரியல."

"பயமா இருக்கா?"

"இருக்கு. கொஞ்ச நாளாவே இருக்கு. நீங்க பேசிட்டே இருங்க."

பேசிக்கொண்டே இருந்தேன். விமானம் இறங்கியது.

கடைசிக் காட்சி விடிந்த பிறகு, ஓடுதளத்தில். அங்கே ஹெட்போன் கிடையாது. கேப்டனுக்கு மூன்று வரிதான். ஆடு மேய்ப்பவர், இங்கே யாரும் இல்லை, பேசியது யார் என்று கேட்டார். என்னால் கண்ணாடியின் இந்தப் பக்கம் இருந்து ஒன்றும் செய்ய முடியவில்லை. இவர் ரொம்ப நேரம் அந்த ஆளையே பார்த்தார்.

"ஒரு அம்மா பேசினாங்க. நல்லவங்க" என்றார்.

ஜெயசிங் அதோடு திரையை இருட்டாக்கிவிட்டார்.

நான் ஸ்டுடியோவுக்குள் போனபோது அவர் இறங்கி ஓடி வந்தார். "அண்ணாச்சி! அந்த 'யாரும்மா நீங்க'வ எங்க பிடிச்சீய? போன் நிக்க மாட்டேங்குது. டைரக்டரே கீழ இறங்கி வாராரு. பொங்கலுக்கு நாலு வாரத் தொடர். நீங்கதான் கதாநாயகன், சரியா?"

எல்லோரும் வழக்கம்போல என்னைப் பார்த்தார்கள். 'பண்ணிடலாம்' என்ற சொல் நாக்கில் தயாராக இருந்தது. இவர் ஜெயசிங்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இடம் கொடுத்தவனைப் பார்த்துச் சிரிப்பது போல.

"முடியாது தம்பி" என்றேன். "அவருக்கு ஞாபகம் போயிட்டிருக்கு. அது நடிப்பில்ல. நான் யாருன்னு நிஜமாவே அவருக்குத் தெரியல."

ஜெயசிங் என் பக்கம் திரும்பினார்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா. குழு கலைஞ்சதே அதனாலதான்."

"தெரிஞ்சேவா என்னைய லைவ்ல ஏத்துனீய? போன செவ்வாக்கிழமை மூஞ்சிக்கு நேரா கேட்டனே மைனி! தூக்கம் இல்லைன்னு சொன்னீயளே! இதே எடத்துல நின்னு சொன்னீயளே!"

அவர் கையிலிருந்த ஸ்கிரிப்டைத் தையல் மெஷின் சக்கரத்தின் மேல் எறிந்துவிட்டு வெளியே போனார். சாரங்கன் அதைப் பொறுக்கி அடுக்கினான்.

இவர் தொப்பியைக் கழற்றினார். பவுடரில் வியர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது.

"கஜா" என்றார். பெயர் வந்துவிட்டது. "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேங்க."

"நல்லதாப் போச்சு. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீ தாங்க மாட்டேன்னுதான் நான் இத்தனை நாளா..."

மீதி வரவில்லை. தேடினார். நாற்காலிக் கையை விரலால் தட்டினார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அக்டோபர் 2, ஞாயிறு

ஜெயசிங் வரவில்லை. வருவார் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது. நாளை காலை பெரியாஸ்பத்திரி. தானும் கூட வருவதாகக் கமாலுதீன் பக்கத்துத் தெருக் கடைக்கு போன் செய்து சொல்லியிருக்கிறார்.

பத்து மணிக்குத் தண்டுக்கீரை வாங்கினேன். இவர் தானே கேட்டு வாங்கி ஆய்ந்துகொண்டிருந்தார். நன்றாக ஆய்கிறார்.

"நாடகம் என்னிக்கு கஜா?"

"முடிஞ்சுதுங்க. முந்தாநேத்து."

"நான் நடிச்சேனா?"

"நடிச்சீங்க."

"ப்ளேனை இறக்கிட்டேனா?"

"இறக்கிட்டீங்க."

"கூட ஒரு பையன் இருந்தானே. அவன்?"

"அவனும் பத்திரமா இருக்கான்."

தலையாட்டினார். ஒரு தண்டை ஒடித்து, நாரை உரித்து, முறத்தில் போட்டார்.